போன் சொல்லும் பெயர்

ஆவணி 2, திங்கள்

காலையில் தூறல். மாடியில் போட்ட வடாம் இரண்டு தட்டும் மறுபடி உள்ளே. கற்பூரம் தீர்ந்துவிட்டது. பூ 30, தயிர் 20.

போன் இப்போது கூப்பிடுகிறவர் பெயரைச் சத்தமாகச் சொல்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டு கண்ணாடியைத் தேட வேண்டாம் என்று அபி அப்படி வைத்துக்கொடுத்தாள். காலை பூஜையில் "மாவு மிஷின் கோணவாய்" என்று கத்தியது. மிளகாய் அரைத்தாகிவிட்டதாம். அபி சிரித்துக்கொண்டே லேபுக்குக் கிளம்பினாள். எனக்குத்தான் சாமி முன்னால் ஒரு மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்குத் தரகர். திண்டிவனம் வரன் பொருந்திவிட்டது. எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் சொன்னாராம். பையன் மணிகண்டன், ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. தாயார் வேதவல்லியும் தாய்மாமனும்தான் எல்லாம். மயிலம் முருகனுக்கு மஞ்சள் துணியில் பதினொரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

தி.வனத்திலிருந்து மட்டும் மூன்று வரனின் நம்பர் என் போனில். குழம்பக் கூடாது என்று போன வாரமே ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் போட்டு வைத்தேன்.

அபிக்குத் தை வந்தால் இருபத்தெட்டு. முன்பு இரண்டு இடம் பேசி நின்றுபோனது. இரண்டு முறையும் போட்டோவைப் பார்த்து ஒன்றும் சொல்லாதவள், இந்தப் பையனைப் பார்த்து "பரவால்ல போல" என்றாள். அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

மதியம் இவர் சாப்பிட வந்தார். நான் மோர் எடுக்கப் போன நேரத்தில் இவரே தன் போனிலிருந்து தி.வனத்துக்கு அடித்துவிட்டார். பெண் வீட்டார் முந்திக்கொண்டு பேசக் கூடாது, தரகர் பேசட்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

"நல்ல சேதிதானே. நாம சொன்னா வாய் வலிக்குமா?"

மூன்று முறை அடித்தது. அந்தப் பக்கம் எடுக்கவில்லை.

ஆவணி 3, செவ்வாய்

நல்ல வெயில். வடாம் காய்ந்தது. ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு.

தரகர் போன். குரலே சரியில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் நேத்து அவங்களுக்குப் போன் பண்ணாராமே."

"ஆமாங்க. எடுக்கல."

"எப்படி எடுப்பாங்க? அந்தம்மா போன்ல 'மெண்டல் மோட்டார்'னு பேரு வந்துதாம். யாரோ என்னமோனு வுட்டுட்டாங்க. அப்புறம்தான் நம்பரைப் பாத்து என்னை கேக்கறாங்க."

அந்தப் பெயர் அவர்கள் போனுக்கு எப்படிப் போனது என்று எனக்குப் புரியவில்லை.

"குடும்பத்துல யாருக்காச்சும் அந்த மாதிரி எதுனா இருக்குதானு கேக்கறாங்கக்கா. நாளைக்குப் பொறக்கப்போற கொழந்தை வரைக்கும் யோசிப்பாங்க இல்ல?"

குக்கர் விசில் அடித்தது. அதையே சாக்காக வைத்துப் போனை வைத்துவிட்டேன். பருப்பு குழைந்துபோயிற்று.

சாயங்காலம் அபி விளக்கினாள்.

"அது ஒரு ஆப்புமா. நம்ம நம்பரை மத்தவங்க என்ன பேருல போட்டு வச்சிருக்காங்களோ, அதைத்தான் தெரியாதவங்களுக்குக் காட்டும். நெறைய பேரு ஒரே பேரு போட்டிருந்தா அதான் பேரு."

"அப்ப எத்தினி பேரு அப்படிப் போட்டு வச்சிருக்காங்க?"

"எண்ணாதம்மா."

பெயரை மாற்றச் சொல்லி அந்த ஆப்பிலேயே எழுதிப்போட்டிருக்கிறாளாம். உடனே மாறாதாம்.

ஆவணி 4, புதன்

இவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன். இரண்டாவது இட்லியோடு எழுந்துவிட்டார்.

"மெண்டல்னு சொல்றது எனக்குத் தெரியும். பத்து வருசமா தெரியும். என்னைச் சொன்னா சொல்லிக்கினு போறான். பொண்ணு மேல எதுக்கு ஏத்தறான்?"

அதற்கப்புறம் போன் அடித்தால் எடுக்கவில்லை. திரையைப் பார்க்கிறார், கவிழ்த்து வைக்கிறார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இவர் போர் மோட்டார் வேலை செய்கிறவர், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். எல்லா மெக்கானிக்கும் கேட்பதுதான். இவர் பேசவும் செய்வார். "என்னா நைனா, மூச்சு வாங்குது? ராத்திரியெல்லாம் ஓட வுட்டானா?" என்று மோட்டாரைக் கேட்பார். வரப்பில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எர்த் வயர் இல்லாத இடமாக இருந்தால், யாருக்காவது ஷாக் அடிக்கும் என்று பாதி வேலையில் பையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார். அப்போது சிரிக்க மாட்டார்கள், திட்டுவார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டது.

சமைத்து முடித்துவிட்டு உட்கார்ந்து நம் தெருவை நினைத்துப் பார்த்தேன்.
முனை வீட்டு சார்: சோடாபுட்டி.
எதிர்வீட்டு மருமகள்கள்: நெட்டச்சி, குள்ளச்சி. மாமியாரே வைத்தது.
மளிகைக்கடை: பிசினாரி. கடை போர்டில் வேறு பெயர் இருக்கிறது, என்னவென்று நினைவில்லை.
மாவு மிஷின்: கோணவாய். வாதம் வந்து இழுத்துக்கொண்டதிலிருந்து. அதற்கு முன்னால் என்ன பெயர்?
பூக்காரி: கருப்பி. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவளும் "இன்னாக்கா" என்று வந்து நிற்கிறாள்.

சொந்தப் பெயரோடு இந்தத் தெருவில் இருப்பது பிள்ளையார் ஒருவர்தான். அவரைத் தொந்தி என்றாலும் கோபித்துக்கொள்வதில்லை.

இரவு கேப்பைக் கூழ். இவர் குடிக்கவில்லை.

ஆவணி 6, வெள்ளி. அமாவாசை

எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. வாசலில் பூசணி சுற்றிப் போட்டேன். மேல்மலையனூர் பஸ்ஸெல்லாம் காலையிலேயே பிதுங்கிக்கொண்டு போனதாம். என் நேர்த்திக்கடன் அடுத்த அமாவாசைக்குத்தான்.

பூக்காரி வந்து முழம் அளக்காமல் நின்றாள்.

"யக்கா, நேத்து சாயங்காலம் ஒரு ஆளு வண்டில வந்தாரு. பிசினாரி கடையில நின்னுக்கினு உங்க வூட்டத்தான் விசாரிச்சாரு."

பெண் எடுக்கிறவர்கள் தெருக்கடையில் விசாரிப்பது வழக்கம்தான். நாமும் விசாரித்தவர்கள்தான். பையனின் தாய்மாமனாக இருக்கும்.

"கடைக்காரரு இன்னா சொன்னாரு?"

"அவரு நல்லாத்தான் சொன்னாருக்கா. நல்ல குடும்பம், பாக்கி வைக்க மாட்டாங்கன்னு."

"அப்புறம்?"

பூவில் தண்ணீர் தெளித்தாள். மறுபடி தெளித்தாள்.

"அந்தாளு வூடு எதுன்னு கேட்டாரு. மெண்டல் வூடுதானே, நேராப் போயி லெப்ட்டுனு கைய காட்டினாரு. வெகுளியாத்தான்க்கா சொன்னாரு. அந்தாளு லெப்ட்டுல திரும்பவே இல்ல. அப்படியே வண்டியத் திருப்பிக்கினு போய்ட்டாரு."

மல்லி இரண்டு முழம், 60. அமாவாசை விலை.

அபியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அந்தப் பையன் என்கிட்ட அப்பாவைப் பத்தி ஒண்ணும் கேக்கலம்மா. நீங்க சாப்டிங்களானு மட்டும்தான் கேட்டாரு" என்றாள். இருவரும் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எத்தனை நாளாக என்று கேட்கவில்லை.

ஆவணி 7, சனி

பெருமாளுக்குத் துளசி. புளியோதரை.

வாசலில் வண்டிச் சத்தம். ஓர் ஆள் கேட்டுக்கு வெளியே நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "மெண்டல் வூட்டாண்டதான் நிக்கிறேன். ரெண்டு நாளா போனை எடுக்க மாட்டேங்கறாருடா, பேஜாரா இருக்குது. இட்டுக்கினுதான் வருவேன்."

நான் படியில் நின்றதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வளவனூர்ப் பக்கத்து ஏழுமலை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறவர். வந்தால் வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு பை கொண்டுவருவார். இன்றும் கொண்டுவந்தார்.

"கோவிச்சிக்காதீங்க அண்ணி. மோட்டார் ரிப்பேர்னு போட்டு வச்சா போன்ல நாலு பேரு வர்றான். அண்ணன் ஒருத்தர்தான் இப்படி. அடையாளத்துக்குப் போட்டது. கோவத்துல இல்ல, பிரியத்துலதான்."

"உங்க பிரியத்தால எம் பொண்ணு கல்யாணம் நிக்குது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. சனிக்கிழமை விரதத்தோடு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

அவர் முகம் செத்துவிட்டது. பையை வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டிக்கொண்டே நின்றார்.

இவர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நாத்தங்கால் எப்படி இருக்குது?"

"மோட்டார் நின்னதுலேருந்து வாடுதுண்ணா. நேத்தே வெடிப்பு வுட்டுது."

பையை எடுத்தார், செருப்பைப் போட்டார். வண்டியில் ஏறும்போது, "பாத்து ஓட்டு நைனா. பின்னாடி மெண்டல் குந்தினு இருக்குது" என்றார். ஏழுமலைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்.

மூன்று நாளுக்கு அப்புறம் இன்றுதான் வேலைக்குப் போகிறார். அந்த மட்டும் சரி.

இருட்டும் நேரத்தில் தரகர். நாளைக்கு மயிலத்துக்கு வாருங்கள் என்கிறார். வீட்டுக்கு வர மாட்டார்களாம். கோயிலில் பார்த்தால், வேண்டாம் என்றாலும் யாருக்கும் குறையில்லை. சாமி பார்க்க வந்தோம், பார்த்தோம், போனோம் என்று ஆகிவிடும். அதுவும் மரியாதைதான்.

அபி பச்சைப் புடவையை இஸ்திரி போட்டாள். நான் சொல்லாமலே.

ஆவணி 8, ஞாயிறு

பஸ் கூட்டேரிப்பட்டு வரை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தேங்காய், பழம், கற்பூரம், மாலை 190. மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக்கொண்டேன், உண்டியலில் போடவில்லை. காரியம் முடிந்துதான்.

கொடிமரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே இரண்டு கல்யாணக் கூட்டம், மேளம். இன்னார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று போன் சத்தத்தை முழுதாக வைத்துப் பையில் போட்டிருந்தேன். தேங்காய்க்கு அடியில் போய்விட்டது.

மேளம் நின்ற நேரம் பார்த்து அது கத்தியது.

"திண்டிவனம் தெத்துப்பல். திண்டிவனம் தெத்துப்பல்."

பையைக் கவிழ்த்துத் தேடுவதற்குள் மூன்றாவது முறையும் சொல்லிவிட்டது. எனக்குப் பின்னால் நாலடியில் ஓர் அம்மாள், காதில் போனோடு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரலால் அழுத்தினார். என் பை அடங்கிவிட்டது.

வேதவல்லியம்மா. தரகர் காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் நான் அந்த அடையாளத்தைப் போட்டேன். மற்ற இருவருக்கும் உரக்கடை, டீச்சர் என்று போட்டவள், இவருக்கு மட்டும் பல்லைப் போட்டேன்.

புடவைத் தலைப்பு தானாக அவர் வாய்க்குப் போயிற்று. யோசித்துப் போகிற கை இல்லை அது. சின்ன வயதிலிருந்து போய்ப் பழகிய கை.

அபி தரையைப் பார்த்தாள். பையன் கொடிமரத்தின் உச்சியைப் பார்த்தான். தாய்மாமன், "இன்னாக்கா சொல்லுது அது?" என்று கேட்டுவிட்டு, புரிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தப்புதாங்க. மூணு திண்டிவனம் இருந்துது. அடையாளத்துக்கு..." என்றேன். வாயிலிருந்து வந்ததும்தான் தெரிந்தது, நேற்று ஏழுமலை சொன்ன அதே வார்த்தை.

"சாமி பாத்துட்டு வந்துடலாம்" என்றார் அந்த அம்மா. முன்னால் நடந்தார்.

அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்டார் குருக்கள். நான் அர்ச்சனைத் தட்டை இவர் பக்கம் நகர்த்தினேன். இவர்தான் சொன்னார், அபிராமி என்று முழுப் பெயராக. முருகனை நேராகப் பார்க்க முடியவில்லை எனக்கு. மயிலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பொங்கல் வாங்கிக்கொண்டு படியோரம் உட்கார்ந்தோம். அபியும் பையனும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்கள். இலையை மடித்துவிட்டு அந்த அம்மா ஆரம்பித்தார்.

"பள்ளிக்கூடத்துல எலினு கூப்புடுவாங்க. மாமியார் வூட்டுல தேங்கா துருவி. நீங்க பரவால்ல, ஊர் பேரையும் சேத்து மரியாதையா வச்சிருக்கீங்க."

சிரிக்காமல் சொன்னார். அடி வாங்கியிருந்தால் தேவலை.

அப்புறம் இவர் பக்கம் திரும்பினார். "உங்க போன்ல நான் யாருங்க?"

இவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து அப்படியே நீட்டிவிட்டார். இவர் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மா கையைத் தூரமாக நீட்டி, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"சம்பந்தியம்மா."

போனைத் திருப்பிக் கொடுக்காமல் இவரைப் பார்த்தார்.

"எப்பப் போட்டீங்க?"

"பொருத்தம் சரின்னு தரகர் சொன்ன அன்னிக்கே. உங்களுக்குப் போன் அடிச்சேனே, அதுக்கு முன்னாடி."

"இன்னும் ஒண்ணும் முடிவாவலியேங்க."

"முடிவானா மறுபடி மாத்த வேணாம் பாருங்க. ரெண்டு வேலை எதுக்கு?"

தாய்மாமனுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தோம். அந்த அம்மாவின் தலைப்பு மறுபடி வாய்க்குப் போயிற்று. உள்ளே சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது தாய்மாமன்தான் சொன்னார். "கலந்து பேசிக்கினு சொல்றோம்." முன்பு பேசி நின்றுபோன இரண்டு இடத்திலும் இதே வார்த்தைதான்.

பஸ்ஸில் அபி ஜன்னல் பக்கம். ஒரே ஒரு தடவை பேசினாள். "ஏம்மா, பல்லைப் பாத்தா போட்ட?"

ஆவணி 9, திங்கள்

போன் இல்லை. தரகருக்கு நானே அடித்தேன். "பேசிக்கினு இருக்காங்கக்கா" என்றார்.

மதியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். எழுத்து எழுத்தாகத் தேடி அடிக்க நேரம் பிடித்தது. "திண்டிவனம் தெத்துப்பல்" எடுத்தாயிற்று. "சம்பந்தியம்மா" என்று போட ஆசைதான். இவருக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. "வேதவல்லி அம்மா" என்று போட்டேன்.

மாவு மிஷின்காரர் பெயர் தட்சிணாமூர்த்தியாம். பில் புத்தகத்தில் இருந்தது.

பூக்காரி வந்தபோது கேட்டேன்.

"எம் பேரா? எதுக்குக்கா, லோனு எதுனா தர்றாங்களா?"

"சும்மாதான். சொல்லு."

"ரேசன் கார்டுல பத்மாவதி. எங்கூட்டுக்காரரு இருந்தப்பகூட கருப்பினுதான் கூப்புடுவாரு." கொஞ்சம் நின்றாள். "நீ புதுசா பத்மாவதினு கூவினா நான் வேற யாரோன்னு போய்க்கினே இருப்பேன்."

சாயங்காலம் "பத்மாவதி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உண்மையாகவே திரும்பாமல் போய்விட்டாள். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

ஆவணி 10, செவ்வாய்

அரிசி ஊறப்போட்டு இடித்துச் சலித்தேன். தேங்காய் 3, வெல்லம் அரைக் கிலோ, எள், எருக்கம்பூ மாலை, களிமண் பிள்ளையார், குடை. எல்லாம் சேர்த்து 345.

தி.வனத்திலிருந்து ஒன்றும் இல்லை. தரகரும் எடுக்கவில்லை. எனக்குத் தெரியும் இந்த எடுக்காததன் அர்த்தம்.

ஆப்பில் இன்னும் பெயர் மாறவில்லை என்று அபி சொன்னாள். லேபிலிருந்து வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பையனிடமிருந்து செய்தி வந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. என்னால்தான் நின்றது என்று ஆனால், அவள் என்னை ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆவணி 11, புதன். சதுர்த்தி

தலைக்குக் குளித்து, கோலம், மாவிலை. பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண் வைத்தேன். அபி குடை நட்டாள்.

இரண்டாவது ஈடு கொழுக்கட்டை வேகும்போது போன் பேசியது.

"வேதவல்லி அம்மா. வேதவல்லி அம்மா."

கையெல்லாம் மாவு. அபியைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"கொழுக்கட்ட ஆச்சுங்களா?" என்றார் அந்த அம்மா.

"ஆயிக்கினு இருக்குதுங்க."

"சம்பந்தி இருக்காரா?"

எந்த சம்பந்தி என்று கேட்கப் பார்த்தேன். அபி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஈர மாவுக் கையோடு நானும் அவள் கையைப் பிடித்தேன்.

"எங்க வூட்டு மோட்டார்ல காலையிலேருந்து ஒரு மாதிரி சத்தம். தண்ணி ஏறல. நாள் கெழம, எவனும் வர மாட்டேங்கறான். அவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னு. அப்படியே நிச்சயத்துக்கு நாளு பாக்கறதப் பத்தியும் எந்தம்பி பேசணுங்கறான்."

இவர் பூஜை அறையிலிருந்து வந்தார், நெற்றி நிறைய விபூதி. போனை வாங்கினார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எர்த் இருக்குதாங்களா?"

"இருக்குதுனு நெனைக்கிறேங்க."

"நெனைக்கக் கூடாதுங்க. சரி, போனை மோட்டாராண்ட கொண்டு போங்க. தூரமா நின்னுக்கினு, போனை மட்டும் நீட்டுங்க."

அந்தப் பக்கம் கொலுசுச் சத்தம், கதவுச் சத்தம். அப்புறம் ஓர் உறுமல். இவர் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். கேட்கட்டும் என்று நான் அடுப்பைத் தணித்தேன்.

"என்னா நைனா," என்றார் இவர் மெதுவாக, மோட்டாரிடம். "பண்டிகை நாளும் அதுவுமா தொண்ட கட்டிக்கிச்சா? காத்து புடிச்சிக்கினு கஷ்டப்படறியா? இரு, இரு. வர்றேன்."

அந்தப் பக்கம் அந்த அம்மா சிரித்தார். ஸ்பீக்கர் இல்லாமலே எங்களுக்கும் கேட்டது. வாயை மூடிக்கொண்டு சிரித்தால் அப்படிக் கேட்காது.

பையை எடுத்துவிட்டார். சாப்பிட்டுப் போங்கள் என்றால் கேட்கவில்லை. டப்பாவில் இருபத்தொன்று வைத்துக் கட்டினேன். அபி இன்னும் இரண்டு வைத்தாள். மஞ்சள் முடிச்சு ஞாபகம் வந்தது, மயிலம் வழியில்தானே, உண்டியலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாசலுக்கு ஓடினேன். வண்டி முனை திரும்பிவிட்டது. மூன்றாவது ஈடு அடுப்பில் இருக்கிறது, போய் இறக்க வேண்டும்.